வோல்டேஜை ஏற்றும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் கம்ப்யூட்டர், செல்போன் பற்றி வரும் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிறேன். போன் வாங்குவது எப்படி, பாஸ்வேர்டை எப்படிப் பத்திரமாக வைப்பது, எல்லாம் வருகிறது. எங்கள் ராமநாதபுரம் கடலோரத்துப் பையன்கள் அடிக்கடி மாட்டிக்கொண்டு முழிக்கிற ஒரு விஷயம் மட்டும் இதுவரை என் கண்ணில் படவில்லை. கிராபிக்ஸ் கார்டை, அதாவது திரைக்குப் படத்தை உருவாக்கித் தருகிற பாகத்தை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட ஓவர்கிளாக் செய்கிறேன் என்று இறங்குகிறார்கள், கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் விழுகிறது, அதாவது வேலை நடுவில் நின்றுபோகிறது, விழாமல் இருக்க வோல்டேஜை ஏற்றுகிறார்கள், கடைசியில் கார்டே போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் வெட்டாமல் வெளியிட்டால் நாலு பேருக்காவது கார்டு பிழைக்கும்.

நான் கீழக்கரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், ஏர்வாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெட்டிகள் வரும். விளையாடுவதற்காக மட்டும் இந்தக் கார்டுகளை வாங்குகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவர்கள். வலிமா விருந்துக்கு முன்னால் கொடுக்க வேண்டிய வீடியோ எக்ஸ்போர்ட் ஆகாமல், அதாவது முடித்த ஃபைலாக வெளியே வராமல் நின்றால் அது விளையாட்டுக் கதை கிடையாது, வாங்கின அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிற கதை. கார்டும் பெரும்பாலும் அண்ணனோ மச்சானோ துபாயிலிருந்து வரும்போது கொண்டு வந்ததாக இருக்கும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. எரிந்தால் எரிந்ததுதான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கடலோரத்தில் ஒரு கார்டு தகராறு செய்தால், கடைசியாகத் தொட வேண்டிய இடம் வோல்டேஜ். அதற்கு முன்னால் உப்பு, சூடு, கரண்ட் மூன்றையும் பார்த்தாக வேண்டும். அப்புறமும் வோல்டேஜைத் தொடுவதாக இருந்தால் இறக்குவதற்காகத் தொடுங்கள், ஏற்றுவதற்காக வேண்டாம்.

வோல்டேஜை ஏற்றி இறக்க மென்பொருளில் இழுக்கிற இந்த வோல்டேஜ் ஸ்லைடர் என்னதான் செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பலரும் பயன்படுத்துவது எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். இலவசம், வேறு கம்பெனி கார்டிலும் வேலை செய்யும். புதிதாக இன்ஸ்டால் செய்ததும் அதில் கோர் (கார்டின் முக்கிய சிப்) வோல்டேஜ் ஸ்லைடர் மங்கிக் கிடக்கும், இழுத்தால் நகராது. உடனே "கார்டு டூப்ளிகேட்டா?" என்று பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் பூட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போனால் வோல்டேஜை மாற்ற ஒரு டிக், வோல்டேஜ் அளவைக் காட்ட ஒரு டிக் என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் நிறைய டெஸ்க்டாப் கார்டுகளில் திறந்துகொள்ளும். அப்படியும் நகரவில்லை என்றால் அந்தக் கார்டில் இருக்கும் வோல்டேஜ் கண்ட்ரோலர் சிப்பை ஆஃப்டர்பர்னரால் அடையாளம் காண முடியவில்லை, இல்லாவிட்டால் கார்டு செய்தவர்களே பயாஸில், அதாவது கார்டுக்குள் பதித்திருக்கிற அடிப்படை மென்பொருளில், பூட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். லேப்டாப்பில் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். பூட்டை உடைக்கிறேன் என்று வேறொரு கார்டின் பயாஸை எடுத்து இதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வோல்டேஜ் அளவைக் காட்டும் டிக் மட்டும் எல்லாரும் போட்டுக்கொள்ளலாம், அது ஒரு கெடுதலும் செய்யாது, வேண்டிய தகவல் கிடைக்கும்.

சரி, ஸ்லைடர் நகர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில் அது மில்லிவோல்ட்டில் இல்லை, சதவீதத்தில் இருக்கிறது. 100 வைத்தால் வோல்டேஜ் இரட்டிப்பாகும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வோல்டேஜில் இத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடலாம் என்று கார்டுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. அதன் உச்சியில் பூட்டி வைத்த கடைசிச் சில புள்ளிகளைத் தொட அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். 10 வரிசையில் பல கார்டுகள் வழக்கமாக 1.06 வோல்ட் பக்கம் நிற்கும், ஸ்லைடரை முழுக்க இழுத்தால் 1.093 வரை போகும். அந்த 0.03 வோல்ட்டுக்காகத்தான் இத்தனை பாடு.

அதற்குக் கொடுக்கிற விலையையும் பார்க்க வேண்டும். சிப் ஓடும்போது தின்கிற மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1 வோல்ட்டிலிருந்து 1.09-க்குப் போனால் வேகம் துளிகூட ஏறாவிட்டாலும் அந்தச் செலவு ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடும். இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிற ஜிடிஎக்ஸ் 1650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தனிப் பவர் கேபிள் இல்லாத மாடல்களுக்கு மதர்போர்டு ஸ்லாட் தருகிற 75 வாட்தான் எல்லாம். மின்சார வரம்பை வைக்கிற பவர் லிமிட் ஸ்லைடரும் பொதுவாக 100 சதவீதத்துக்கு மேல் போகாது. அதில் வோல்டேஜை ஏற்றினால் 75 வாட்டைச் சீக்கிரமாகவே தொட்டுவிட்டு, கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றினதால் நஷ்டம்தான். இதைக் கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் போதும். அதன் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி இருக்கிறது. வேகம் ஏன் அதற்கு மேல் ஏறவில்லை என்று கார்டே சொல்கிற வரி அது. பவர் என்று காட்டினால் மின்சார வரம்பு, தெர்மல் என்றால் சூடு, விரெல் என்றால்தான் வோல்டேஜ். இந்த ஒரு வரியைப் பார்க்காமலேயே வோல்டேஜில் கை வைக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி பெட்டியோடு வந்தான். "காக்கா, கேம் எல்லாம் ஓடுது, எக்ஸ்போர்ட் மட்டும் நடுவுல செத்துப்போகுது" என்றான். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 125 வாட் வகை. வெளியூரில் ஒரு கடையில் 'ஓசி (ஓவர்கிளாக்) செய்து தருகிறோம்' என்று தனியாகக் காசு வாங்கி, கோர் வேகத்தில் 150, மெமரி வேகத்தில் 800 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, வோல்டேஜ் 100 சதவீதம் என்று வைத்து, விண்டோஸ் திறக்கும்போதே எல்லாம் ஏறும்படி டிக்கும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். விழ ஆரம்பித்ததும் போன் செய்து கேட்டால், இன்னும் வோல்டேஜ் வேண்டும், பயாஸ் மாற்ற வேண்டும், கொண்டு வா என்றார்களாம். பக்கத் தகட்டைக் கழற்றினேன். கார்டின் 8 பின் சாக்கெட்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பெட்டிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருகிற யூனிட்) நேரடிக் கேபிள் இல்லை. பழைய ஹார்டிஸ்க்குக்குப் போகிற மோலெக்ஸ் ஒயரில் ஒரு கன்வர்ட்டரை மாட்டி இழுத்திருந்தார்கள். மஞ்சள் ஒயர் நுழைகிற இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பின் தளர்ந்து, விரல் பட்டாலே ஆடியது. சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் தூசி ஈரத்தோடு சேர்ந்து அப்பிக் கிடந்தது, தகட்டு ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டு அந்தக் கனெக்டரின் பின்பக்கம் மீட்டர் வைத்தால், 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.2. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் வரையறைப்படி 5 சதவீதம்தான் இறங்கலாம், அதாவது 11.4 வரைக்கும். இந்த நிலையில் ஸ்லைடரை ஏற்றினால் என்ன ஆகும்? கார்டு இன்னும் கரண்ட் இழுக்கும், தளர்ந்த பின் இன்னும் காயும், அந்த 11.2 இன்னும் இறங்கும். எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு, அதாவது கம்பெனி வைத்த அளவுக்குக் கொண்டுவந்து, நேரடி 8 பின் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் மாற்றி, கார்டைச் சுத்தம் செய்து சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் போட்டதும் அந்த வீடியோ ஒரே மூச்சில் எக்ஸ்போர்ட் ஆனது. ஓவர்கிளாக் எதுவும் இல்லாமல்தான்.

கேமில் விழாத கார்டு எக்ஸ்போர்ட்டில் ஏன் விழுகிறது என்று அந்தத் தம்பி கேட்டான், நல்ல கேள்வி. கேம் கார்டை ஏற்றி இறக்கி வேலை வாங்கும், காட்சிக்குக் காட்சி மாறும். 4கே வீடியோவை எஃபெக்ட்டோடு எக்ஸ்போர்ட் செய்யும்போது கார்டும் பிராசசரும் சேர்ந்து நிறுத்தாமல் உழைக்கும். எஸ்எம்பிஎஸ் தாங்குமா தாங்காதா என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது உப்பு. மதுரையில் உட்கார்ந்து சர்வீஸ் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு உப்பு தானாக ஈரத்தை இழுத்து நீர்த்துப் போகும். கடல்காற்றோடு வருகிற உப்பும் பெரும்பங்கு அதுதான். பகலில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கார்டின் மேல் உட்காரும், ராத்திரி ஈரமாகும், மறுநாள் காயும், மறுபடி ஈரமாகும். கார்டில் வோல்டேஜ் கண்ட்ரோலரின் கால்கள் எல்லாம் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருப்பவை. நடுவில் உப்பு ஈரம் நின்றால் கசிவு ஏற்பட்டு அளவெல்லாம் தப்பும், செம்பு பச்சை பிடிக்கும். அப்புறம் அந்தக் கார்டு வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அதே வேகத்தில்கூட விழ ஆரம்பிக்கும். பாம்பனில் 1914-லிருந்து இருந்த ரயில் பாலத்தை உப்பு என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே திறந்த பெட்டியாக வைத்திருக்கிற கம்ப்யூட்டருக்கு எந்தப் பூச்சும் கிடையாது.

ஜன்னல் பக்கத்திலிருந்து உள் அறைக்கு மாற்றுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஃபேன் போட்டு ஓட்டாதீர்கள், அது உப்பையும் மணலையும் நேராகக் கார்டின் மேல் கொட்டுகிற வேலை. வருஷத்துக்கு ஒருமுறையாவது, முக்கியமாக மழைக்காலம் முடிந்ததும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டை வெளியே எடுத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் ஸ்லாட்டில் செருகுகிற தங்கப்பூச்சு ஓரத்தைத் துடைக்க வேண்டும். அழிப்பான் வைத்துத் தேய்ப்பது நம் ஊரில் பழக்கம், அந்தப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் போய்விடும். தின்னர், பெட்ரோல் கிட்டவே கொண்டு போகாதீர்கள். ப்ளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். மாதக்கணக்கில் ஓடாமல் மூடிக் கிடக்கிற பெட்டிதான் தினமும் ஓடுகிற பெட்டியைவிடச் சீக்கிரம் உப்பு பிடிக்கிறது என்பது என் அனுபவம். ஓடுகிற சூட்டில் ஈரம் காய்ந்துவிடும் இல்லையா. துபாய் போய்விட்டுத் திரும்பி வந்து ஆன் செய்தால் டிஸ்ப்ளே வரவில்லை என்று கொண்டு வருகிற பெட்டிகளில் இதைப் பார்க்கிறேன்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கேபினட்டோடு சேர்ந்து வருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதை நம்பாதீர்கள். பக்கத்தில் இருக்கிற சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசசருக்கும் வேண்டியது முக்கியமாக அந்த 12 வோல்ட்டில் இருந்துதான் வரவேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கார்டு. அதை இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிவிட்டு ஓவர்கிளாக் நிலையாக இல்லை என்று புலம்பினால் எப்படி? கார்டு வாங்கக் காசு இருக்கிறவர்களுக்கு எஸ்எம்பிஎஸ் வாங்க மட்டும் மனசு வருவதில்லை.

வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு காரணம். நிறைய இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு, சாதாரண மோடு என்று இரண்டு இருக்கும். சாதாரண மோடில் கரண்ட் போனதும் மாறுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் லைட்டுக்கும் ஃபேனுக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே முழு லோடில் ஏறக்குறைய 16, 17 மில்லிசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும், மலிவானது அதுவும் தாங்காது. ஓவர்கிளாக் செய்து கூடுதலாக இழுக்கிற கார்டு இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும். இது கார்டின் குற்றம் இல்லை. சாயந்திரம் மட்டும் விழுகிறது, நள்ளிரவுக்கு மேல் விழவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பிளக் பாயிண்டில்தான் மீட்டர் வைப்பேன். 230 இருக்க வேண்டியது ஊரே லைட்டும் ஏசியும் போடுகிற நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

அப்புறம் எர்த். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று எத்தனை வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறார்கள்! எர்த் இல்லாத பாயிண்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் காரணமாக இரும்புப் பெட்டி மெயின் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் குறைவு என்பதால் பெரும்பாலும் சுருக்கென்பதோடு நிற்கும், ஆனால் ஹெச்டிஎம்ஐ கேபிளை ஓடும்போதே சொருகினால் டிவியின் போர்ட்டோ கார்டின் போர்ட்டோ போகலாம். நம் பக்கம் மணல் பூமி. வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிட்டால் இருந்தும் இல்லாத மாதிரிதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள்.

சூடு பற்றி ஒன்று மட்டும். இணையத்தில் பார்த்து "கோர் 150, மெமரி 1000" என்று எண்களை அப்படியே எடுத்து வைக்கிறார்கள். அந்த வீடியோ எடுத்தவர் 22 டிகிரி ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். மே மாதம் நம் மாடி அறையில் 36 டிகிரி. அந்த வித்தியாசம் அப்படியே கார்டின் சூட்டில் ஏறும். என்விடியா கார்டுகள் சூடு ஏற ஏற வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும். 10 வரிசையில் அந்தப் படி ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸ், அதற்கு அப்புறம் வந்தவற்றில் 15. இந்தப் படி இறக்கம் 40 டிகிரி பக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். அதுவும் இல்லாமல் ஒரே மாடலில் இரண்டு கார்டு ஒன்றுபோல் இருக்காது, ஒன்று தாங்குகிற வேகத்தை இன்னொன்று தாங்காது. அடுத்தவர் எண் நமக்கு உதவாது.

கார்டு எப்படி விழுகிறது என்பதை வைத்தே காரணத்தை ஓரளவு பிடித்துவிடலாம். திரை ஒரு நொடி கறுத்து, கேம் மூடி, டெஸ்க்டாப் திரும்பி வந்தால் டிரைவர் (விண்டோஸ் கார்டை இயக்க உதவுகிற மென்பொருள்) ரீசெட் ஆகியிருக்கிறது. கார்டு பதில் சொல்ல விண்டோஸ் வழக்கமாக 2 விநாடிதான் காத்திருக்கும், அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரைத் தட்டி எழுப்பும். விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டுகிற ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே, 4101 என்று பதிவாகியிருந்தால் இதுதான். பெரும்பாலும் கோர் வேகம் அதிகம், அல்லது அந்த வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. வேகத்தைக் குறையுங்கள். அந்த 2 விநாடியை ரெஜிஸ்ட்ரியில் 10 ஆக்குகிற வித்தை ஒன்று சுற்றுகிறது, மிகப் பெரிய ரெண்டர் வேலைகளுக்கு அது தேவைப்படலாம், ஆனால் நிலையில்லாத ஓவர்கிளாக்கை அது நிலையாக்காது. திரையில் புள்ளி புள்ளியாக, கட்டம் கட்டமாக வண்ணம் சிதறினால் மெமரியைச் சந்தேகப்படுங்கள். மெமரியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஜிடிடிஆர் 5, 6 வகைகளில் தவறாகப் போன தகவலைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்புகிற வசதி இருப்பதால், வேகத்தை அதிகமாக ஏற்றினாலும் விழாமல் ஓடும், ஆனால் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே நேரம் போய் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வருகிற படங்களின் எண்ணிக்கை, குறையும். விழவில்லை என்பதால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே டெஸ்ட்டை ஓட்டி மதிப்பெண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டரே பட்டென்று அணைந்து தானாகத் திறந்தால், கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸையும் கேபிளையும் பிளக் பாயிண்டையும் பாருங்கள், ஸ்லைடர் பக்கமே போகாதீர்கள்.

எதுவானாலும் முதல் வேலை எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவருவது. ஆஃப்டர்பர்னரோடு கார்டு கம்பெனியின் சொந்த மென்பொருளும் ஓடினால் ஒன்றை நீக்குங்கள், ஏஎம்டி கார்டென்றால் அந்தக் கம்பெனியின் அட்ரினலின் மென்பொருளிலோ ஆஃப்டர்பர்னரிலோ ஒன்றில் மட்டும் மாற்றுங்கள். இரண்டும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தால் எது எதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டிடியு மென்பொருளால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். டீஃபால்ட்டிலேயே விழுகிற கார்டை ஓவர்கிளாக் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது ரிப்பேர் பார்க்க வேண்டிய கார்டு. 2022 செப்டம்பரில் இந்தக் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற மைனிங் முடிவுக்கு வந்ததும் சந்தைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் இங்கேயும் வந்தன. அவற்றில் சிலவற்றில் மைனிங்குக்காக பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள், பழைய பயாஸைத் திருப்பி எழுதாமல் அவை சரியாக ஓடாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு வோல்டேஜை இறக்கிப் பாருங்கள் என்கிறேன், அதுதான் நம் வெயிலுக்குச் சரியான ஓவர்கிளாக். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் அந்த வளைகோடு திறக்கும். 3060 போன்ற கார்டில் 0.9 வோல்ட் புள்ளியை எடுத்து 1800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, அதற்கு வலப்பக்கம் இருக்கிற புள்ளிகளெல்லாம் அதே உயரத்தில் படுத்துக்கொள்ளும்படி செய்து அப்ளை கொடுங்கள். கார்டு அந்த வோல்டேஜுக்கு மேல் போகாது. விழுந்தால் ஒரு படி வேகத்தைக் குறைக்கலாம், அல்லது அடுத்த வோல்டேஜ் புள்ளிக்குப் போகலாம், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அடுத்ததை முயலுங்கள். ஷட் டவுன் செய்து திறப்பது போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதே இல்லை. விண்டோஸ் திறக்கும்போதே ஏறுகிற டிக்கை எல்லாம் உறுதியான பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் திரை வந்ததும் விழுந்து, சேஃப் மோடில் போய் நீக்க வேண்டி வரும். இப்படி இறக்கினால் வேகம் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், சூடு இறங்கும், ஃபேன் சத்தம் குறையும், எஸ்எம்பிஎஸ்ஸின் சுமையும் குறையும்.

டெஸ்ட் செய்வதில் ஒரு விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கிற ஃபர்மார்க் மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிலையாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் கார்டு பவர் வரம்பில் முட்டிக்கொண்டு குறைந்த வேகத்தில்தான் ஓடும். லேசான வேலையில்தான், கேமின் மெனுவில் நிற்கும்போதோ எடிட்டிங்கில் வீடியோ டைம்லைனை மெல்ல நகர்த்தும்போதோ, கார்டு குளிர்ந்து வளைகோட்டின் உச்சிப் புள்ளியைத் தொடும், அங்கே விழும். மே மாதம் சூட்டில் வைத்துச் சரிபார்த்த அளவு மார்கழிப் பனியில் விழுகிறதும் இதனால்தான், கார்டு குளிர்ந்திருந்தால் அதே வளைகோடு ஒரு படி, இரண்டு படி மேலே ஏறிவிடும். அதனால் கனமான டெஸ்ட், லேசான கேம், உங்கள் சொந்த எக்ஸ்போர்ட் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தவுடன் ஒருமுறையும் பாருங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று உங்களுக்கு. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எஸ்எம்பிஎஸ் லேபிளை எப்படிப் படிப்பது என்பதை மட்டுமாவது படத்தோடு ஒருமுறை போடுங்கள், ஊருக்குப் பெரிய உதவி.

இன்னொன்று ஓசி செய்து தருவதாகக் காசு வாங்குகிற கடைக்காரர்களுக்கு. என்ன செய்தீர்களோ அதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கோர் எவ்வளவு, மெமரி எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, பவர் லிமிட் எவ்வளவு, அறை எத்தனை டிகிரியில் எத்தனை நேரம் எந்த டெஸ்ட் ஓட்டினீர்கள், லோடில் 12 வோல்ட் எவ்வளவு நின்றது. இவ்வளவும் ஒரு பில்லின் பின்பக்கத்தில் அடங்கிவிடும். எழுதிக் கொடுக்க மறுக்கிற கடையில் கார்டைக் கொடுக்காதீர்கள் என்று என்னிடம் வருகிற பையன்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருக்கும் வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.